விரல்களின் கல்வி

ஒற்றைத் தலைமயிரைக் காகிதத்தின் அடியில் வைத்து, கண்களை மூடிக்கொண்டு, அது கிடக்கும் இடத்தை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிக்கும் அப்பியாசம் ஒன்று, அமெரிக்க ஆஸ்டியோபதி வைத்தியக் கல்லூரிகளில் புதிதாய்ச் சேர்ந்த மாணவர்களுக்கு உண்டு என்று அறிந்த நாள்முதல், என் சிந்தை அதைவிட்டு அகல மறுக்கிறது. ஒரு தாள் பழகியதும் இரண்டு தாள், பிறகு மூன்று என்று கனம் ஏற ஏற, விரலும் சூட்சுமம் பெறுகிறதாம்.

முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்கள் உடற்கூறும் ரசாயனமும் மருந்தியலும் மற்ற வைத்திய மாணவர்களைப் போலவே படிக்கிறார்கள். அவற்றோடு கூடவே, மேஜைகள் வரிசையாய்க் கிடக்கும் கூடத்தில், ஒருவர் படுக்க, மற்றவர் அவர் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் தொட்டு, தசையின் இறுக்கம், இருபுறத்து வேறுபாடு, அசைவின் தடை, அழுத்தினால் எழும் நோவு ஆகியவற்றைத் தேடுகிறார்கள். பிறகு இடம் மாறிக்கொள்கிறார்கள். பிறர் கை தன் கழுத்தில் பதியும்போது உண்டாகும் அச்சத்தையும் ஆறுதலையும் அறிந்த பின்னரே நோயாளியிடம் போகும் இந்த ஏற்பாடு எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

ஆஸ்டியோபதி என்னும் இக்கைச்சிகிச்சை முறையின் பிதாவான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1897இல் வெளியிட்ட சுயசரிதையில் ஒரு பால்ய சம்பவம் வருகிறது. சுமார் பத்து வயதில், தந்தையின் ஏர்க்கயிற்றை இரண்டு மரங்களுக்கிடையே கட்டி ஊஞ்சல் செய்த அச்சிறுவன், தலைவலி மிகுதியால் ஆட முடியாமல், கயிற்றைத் தரையிலிருந்து எட்டுப் பத்து அங்குல உயரத்துக்குத் தாழ்த்தி, அதன்மேல் போர்வையின் ஓரத்தை மடித்துப் போட்டு, பிடரியை அதில் சாய்த்துப் படுத்தான், உறங்கிப் போனான், எழுந்தபோது வலி இல்லை. பின்னர் இருபது வருஷகாலம், காரணம் தெரியாமலே, தலைவலி வந்தபோதெல்லாம் அந்தக் கயிற்றையே நாடினார் என்கிறார். சாஸ்திரம் பிறப்பதற்கு முன்னே தேகம் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டது என்பதில் எனக்குண்டாகும் ஆனந்தம் அளவிடற்கரியது.

ஆயினும் அக்கயிற்றிலிருந்து கல்லூரிவரை வந்த வழி துயரம் மிக்கது. 1864இல் மூளைச்சவ்வு ஜுரம் அவருடைய சொந்தக் குழந்தைகள் இருவரையும் வளர்ப்புக் குழந்தை ஒன்றையும் கொண்டுபோயிற்று. வந்த வைத்தியர்கள் அன்போடு பாடுபட்டும் பயனில்லை. அவர் குறை கண்டது அவர்களிடத்தில் அன்று, அவர்கள் கையிலிருந்த மருந்துகளில். 1874இல் புதுக் கொள்கையைப் பிரகடனம் செய்து, 1892இல் மிஸ்ஸூரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில், சிறிய மரவீட்டில் பள்ளி திறந்தார். எடின்பரோவில் பயின்ற வில்லியம் ஸ்மித் உடற்கூறு கற்பித்தார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தனர்.

ஏறக்குறைய எல்லா நோய்க்கும் எலும்பின் இடப்பெயர்ச்சியே மூலம் என்று ஸ்டில் கருதியதை நான் ஒப்பவில்லை. அவர் வழிவந்த கல்லூரிகளும் அங்கே நிற்கவில்லை. அவற்றில் தேறியவர்கள் மருந்து எழுதுகிறார்கள், சத்திரசிகிச்சை செய்கிறார்கள், அவர்களுள் பெரும்பாலோர் பட்டம் பெற்றபின் கைச்சிகிச்சையை அரிதாகவே கையாளுகிறார்கள். அதனால் அக்கூடத்தில் கழிந்த மணிநேரங்கள் வீண் என்று சொல்வாருடன் நான் வாதாடத் தயார். வயிற்று நோவென்று வரும் குழந்தையின் உடம்பில் எந்த இடம் இறுகியிருக்கிறது, எங்கே தொட்டால் முகம் சுளிக்கிறது என்பதை, அப்படிப் பழகிய கை, படம் எடுக்க அனுப்புவதற்கு முன்பே விசாரித்துவிடுகிறது.