கம்பளமும் கறையும்

கம்பளத்திற் சிந்திய தேநீரைப் போக்குவது தெளிக்கும் நீரன்று, உறிஞ்சலே. கையிற் தூக்கிச் செல்லத்தக்க கறைநீக்கும் இயந்திரத்தின் சூட்சுமம் இதுதான். ஒரு தொட்டியிலிருந்து மருந்து கலந்த நீரைத் தெளிக்கிறது. தூரிகையால் தேய்த்தபின், அழுக்கு நீரை மற்றொரு தொட்டிக்குள் இழுக்கிறது. ஒருமுறை தெளித்தால் இருமுறையாவது உறிஞ்சுதல் வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். கொதிநீரும் நுரை மிகுந்த சவர்க்காரமும் ஆகா.

நிற்க. கல்லூரியிற் பயிலும் என் மகள் ஒருநாள் இதை இயக்கினாள். இயந்திரம் இரைந்ததேயன்றி உறிஞ்சவில்லை. “மோட்டார் போய்விட்டது, அப்பா” என்றவள், ஈரக்கையுடன் அதைத் திறக்க முனைந்தாள். “முதலில் பிளக்கைக் கழற்று, பிள்ளை!” என்று நான் கூவியதை அயலார் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. உயிரைக் குடிக்க அது போதும்.

மோட்டாருக்கு ஒரு குறையுமில்லை. அழுக்குத் தொட்டி நிறைந்ததும் உள்ளிருந்த மிதவை எழுந்து காற்றுவழியை அடைத்துவிட்டது. தொட்டியை வெறுமையாக்கி அலம்பி, குழாய் முனையிற் சிக்கிய தலைமயிரையும் நீக்கி, மூடியை இறுகப் பொருத்தினோம். மீண்டும் உறிஞ்சியது.

கனடாவிலிருந்து உறவினர் கொணரும் இயந்திரமாயின், அதன் அடியிலுள்ள தகட்டைப் பாருங்கள். 120 வோல்ற்று என்றிருந்தால் இங்கு நேரே செருகலாகாது.