ஆறு வித்தியாசங்கள்!

பத்திரிகைகளில் இரண்டு படங்களை அருகருகே போட்டு, ‘ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடியுங்கள்’ என்று ஒரு புதிர் வருமே, பார்த்திருப்பீர்கள். ஒரு படத்தில் பையனின் சட்டையில் பட்டன் இருக்காது. இன்னொன்றில் காக்காய்க்கு வால் கொஞ்சம் குட்டை. காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். அதே புதிரை 2023-ல் நான் மூன்று மாதம் ஆடினேன். பந்தயம்? அடுத்த ஏழு வருஷத்துக்கு, ஒன்றாம் தேதி வருகிற சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு!

முதல் படம் ஸ்கோடா ஸ்லாவியா. இரண்டாவது படம் ஃபோக்ஸ்வேகன் விர்டஸ்.

‘இந்தக் காலத்தில் போய் செடானா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். ஊரே எஸ்.யூ.வி. வாங்கிக்கொண்டிருக்கும்போது டிக்கி வைத்த கார் கேட்பவனை, பேஜர் கேட்பவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

காரணம் என் அம்மா. அதற்கு முந்தின வருஷம் வந்த பக்கவாதத்தில் இடது கால் பலம் குறைந்துவிட்டது. அம்மாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். நண்பரின் எஸ்.யூ.வி.யில் ஏற்றிப் பார்த்தோம். சீட் அம்மாவின் இடுப்புக்கு மேலே இருந்தது. “சின்ன வயசுல மாட்டு வண்டியில தாவி ஏறுவேன்டா. இப்ப இதுக்கு ஏணி போடணும் போல இருக்கே!” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, ஏறாமலே வீட்டுக்குள் போய்விட்டாள்.

கால் டாக்ஸி? வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு அதில்தான் போய்க்கொண்டிருந்தோம். சென்னையில் நிறைய டாக்ஸிகள் சி.என்.ஜி.க்கு மாறிவிட்டன. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். ஆனால், சிலிண்டர் உட்கார்ந்திருப்பது டிக்கியில். “சார், வீல்சேரை மடியில வெச்சுக்கறீங்களா?” என்று ஒரு டிரைவர் ரொம்ப மரியாதையாகவே கேட்டார். வைத்துக்கொண்டேன். அடையாறு வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அடையாறு சரி, மயிலாடுதுறை? அங்கே அம்மாவின் அக்கா இருக்கிறார். எண்பது வயசு. அவராலும் நடக்க முடியாது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேரும் போனில், சாப்பிட்ட குழம்பு முதல் செத்துப்போன உறவுக்காரர்கள் வரை பேசுவார்கள். ஒரு நாள் போனை வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: “ஒரு தடவை நேர்ல பாத்துடணும்டா.” அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் நான் கார் தேட ஆரம்பித்தேன்.

வீல்சேர் விழுங்குகிற டிக்கி வேண்டும், சீட் ரொம்ப உயரம் கூடாது, 250 கிலோமீட்டர் போனாலும் முதுகு பேசக்கூடாது. சலித்துச் சலித்துக் கடைசியில் தட்டில் நின்றவை இந்த இரண்டும்தான். அங்கேதான் வினை!

எல்லா ஆபீஸிலும் ஒரு கார் நிபுணர் இருப்பார். அவருக்குச் சொந்தமாக இருப்பது பழைய ஸ்கூட்டர்தான் என்பது வேறு விஷயம். “ரெண்டும் ஒரே கார்தாம்ப்பா! ஒரே தொழிற்சாலை, புனே பக்கத்துல சாக்கன். ஒரே அடித்தளம், ஒரே இன்ஜின். 1991-லயே ஃபோக்ஸ்வேகன்காரன் ஸ்கோடாவோட சம்பந்தம் பண்ணிட்டான். மேலே மாட்டியிருக்கற சட்டைதான் வேற” என்றார்.

நம்பாமல் இரண்டு கையேட்டையும் மேஜையில் பரப்பினேன். டிக்கி: அதிலும் 521 லிட்டர், இதிலும் 521 லிட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்: இரண்டிலும் 2,651 மில்லிமீட்டர். சின்ன இன்ஜின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. சக்தி 115 பி.எஸ்.; அதிலும் இதிலும்! பெரிய இன்ஜின் ஒன்றரை லிட்டர், 150 பி.எஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேலை குறைவாக இருக்கும்போது நாலு சிலிண்டரில் இரண்டு தூங்கிவிடும். மிச்சம் இரண்டு வண்டியை இழுக்கும். எங்கள் ஆபீஸைப் பார்த்துத்தான் இந்த ஐடியாவைப் பிடித்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு வித்தியாசம் சிக்கியது! 2022-ல் இரண்டும் வந்தபோது, பெரிய இன்ஜினோடு கையால் கியர் போடுகிற வசதி ஸ்லாவியாவில் மட்டும் இருந்தது. ஆஹா என்று குறித்துக்கொண்டேன். 2023-ல் விர்டஸிலும் அதைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, மோதினால் எது தாங்கும் என்று பார்ப்போம். 2023 ஏப்ரலில் குளோபல் என்கேப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம். பெரியவர்கள் பாதுகாப்பில் 34-க்கு 29.71, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 42. இரண்டுக்கும் அதே மார்க்! பள்ளிக்கூடமாக இருந்தால் இரண்டு பேரையும் எழுப்பி, “யாருடா யாரைப் பாத்து எழுதினது?” என்று கேட்டிருப்பார்கள்.

நீளத்தில் விர்டஸ் 4,561 மில்லிமீட்டர், ஸ்லாவியா 4,541. இருபது மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது கட்டைவிரல் அகலம். டேப்பின் ஒரு முனையை வாட்ச்மேனிடம் கொடுத்து அபார்ட்மென்ட் பார்க்கிங்கை அளந்தேன். இரண்டுமே தூணில் இடிக்காமல் நிற்கும். அந்தக் கட்டைவிரலாலும் உபயோகமில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னது: “ஏங்க, ஜவுளிக்கடையில நான் ரெண்டு புடவையைக் காட்டி எது நல்லாருக்குன்னு கேட்டா, ‘ரெண்டும் ஒண்ணுதானே, ஏதோ ஒண்ணை எடு’ம்பீங்களே... எடுங்களேன்!” பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்து அடித்த அடி. வாயைத் திறக்கவில்லை நான்.

கையேட்டில் கிடைக்காத வித்தியாசம் கடையில் கிடைக்குமோ என்று, ஒரு சனிக்கிழமை அம்மாவையும் வீல்சேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஷோரூமில் நன்றாகவே கவனித்தார்கள். காபி வந்தது. வீல்சேரை மடக்கி டிக்கியில் வைத்தோம், படுத்துக்கொண்டது. இளைஞர் ஒருவர் திரையைத் தொட்டுக் காட்டினார், பாட்டு போட்டார், கூரையைத் திறந்தார். “மேலே எதுக்குடா ஓட்டை? மழை வராதா?” என்றாள் அம்மா.

இரண்டாவது ஷோரூமிலும் காபி. வீல்சேர் அங்கேயும் அதே மாதிரி படுத்துக்கொண்டது. ஆனால், அங்கே இருந்த பையன் திரை பக்கமே போகவில்லை. அம்மா முன்னால் குனிந்து, “பாட்டி, ஏறறது கஷ்டமா, இறங்கறது கஷ்டமா?” என்று கேட்டான். மூன்று மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

“இறங்கறதுதாம்ப்பா” என்றாள் அம்மா.

செடானில் அதுதான் சங்கதி. உட்காருவது சுலபம். சீட் தாழ்வாக இருப்பதால் எழுந்திருக்கத்தான் பலம் வேண்டும். அவன் முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளினான். கதவைக் கடைசி வரை திறந்து பிடித்துக்கொண்டான். “முதல்ல வெளியே பாத்தபடி உட்காருங்க. காலை அப்புறம் ஒவ்வொண்ணா உள்ளே எடுத்துக்கலாம்” என்றான். உள்ளே ஓடி, ஆபீஸ் நாற்காலியிலிருந்து இரண்டு அங்குலக் கெட்டி மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து சீட்டின் மேல் போட்டான். அம்மா உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவன் ஒரு தடவைகூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “எங்க பாட்டிக்கும் இப்படித்தான் சார்” என்றான்.

அப்போதுதான் புதிருக்கு விடை புரிந்தது. கார் இரண்டும் ஒன்றாக இருந்தால், தேர்ந்தெடுக்க மிச்சம் இருப்பது கடைதான். வண்டியை வாங்கும் உறவு ஒரு நாள். கடையோடு இருக்கும் உறவு பத்து வருஷம்.

ஆகவே, இரண்டு கார் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கும் தம்பிகளே, அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். ஷோரூமைப் பார்த்தது போதும்; திங்கட்கிழமை காலையில் சர்வீஸ் சென்டரில் போய் ஓரமாக நில்லுங்கள். வண்டி விட வந்தவர்கள் முகம் எப்படி இருக்கிறது, கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றும் பாருங்கள். சாலை வரி, இன்ஷூரன்ஸ், மேல்சாமான் எல்லாம் தனித்தனியாக எழுதிய விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸை அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். பின் சீட்டில் யார் உட்காரப்போகிறாரோ அவரை உட்கார வைத்து, ஏ.ஸி.யைப் போட்டு, உங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள்.

வரியையும் மறக்காதீர்கள். நாலு மீட்டருக்கு மேல் நீண்டால் வரியும் நீளும். நான் வாங்கியபோது இந்த ரகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்த்து 45 சதவீதம். 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 40 சதவீதமாகிவிட்டது. உங்களுக்கு யோகம்!

எந்தக் காரை வாங்கினேன் என்று கேட்கிறீர்களா? சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டாவது ஷோரூம் எது என்று தெரிந்துவிடும். முதல் ஷோரூமில் காபி கொடுத்தவர்கள் மனசு கஷ்டப்படும். சின்ன இன்ஜின், வெள்ளை நிறம், இரண்டு அங்குல மெத்தை. இது போதும்.

2024 பொங்கலுக்கு மறுநாள் மயிலாடுதுறை போனோம். அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே பேசவில்லை. தினமும் போனில் அத்தனை பேசியவர்கள்! நான் வாசலில் காரைத் துடைக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பெரியம்மாவின் குரல் கேட்டது: “புதுக் கார்ல வந்திருக்கியாமே, என்ன கார்டி?”

காதைத் தீட்டிக்கொண்டேன்.

“வெள்ளைக் கார்க்கா” என்றாள் அம்மா.