வெற்றியின் அளவு

குடியை விட்டவரின் வெற்றியை நாம் நாட்களால் எண்ணுகிறோம். யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் ஒரு மனைவி என்னிடம் வேறு கணக்குச் சொன்னார்: "மாசக் கணக்கு தெரியாது மிஸ். இப்ப சம்பள நாள்ல புள்ளைகள அடுத்த காம்பராவுக்கு அனுப்புறதில்ல." பிள்ளைகள் பயமின்றி வீட்டில் உறங்குவதே அவரது வெற்றி.

குடி ஒருவரைப் பிடித்தாலும் நோவது வீடு முழுவதும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்த பின்னர், 1980 இல் சிகிச்சை நிலையமொன்றை ஆரம்பித்தார். அங்கு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு.

சகோதரிகளே, யுத்தத்தின் துயரை மறக்கக் குடிப்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அது உங்கள் குற்றமல்ல. நிறுத்தியவர் ஒருநாள் மீண்டும் குடித்தால், பெற்ற நிம்மதியெல்லாம் பொய்யாகிவிடாது. திரும்பவும் சிகிச்சைக்கு வழி தேடலாம். உங்கள் வெற்றி எதுவென்று நீங்களே தீர்மானியுங்கள்.