கைகூப்பச் செய்த கலை

சென்ற ஞாயிறன்று லேக் மார்க்கெட்டிலிருந்து குடும்பத்துடன் விக்டோரியா நினைவு மண்டபத்திற்குச் சென்றிருந்தோம். அரியணையில் வீற்றிருக்கும் அரசியின் வெண்கலச் சிலையைக் கண்டதும் நமது ஆறு வயது மகன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றான். அருகிலிருந்தோர் நகைத்தனர். “இது கோயில் அன்று, கண்ணா” என்று சிறிது கடிந்தே கூறினோம். ஆயினும், பிழை பிள்ளையுடையதுதானா என்னும் ஐயம் வீடு திரும்பிய பின்னும் அகலவில்லை.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் லூதர் முதலியோரின் எதிர்ப்பால் கத்தோலிக்கத் திருச்சபை பிளவுற்றது. படங்களும் சிலைகளும் மக்களுக்குச் சமயத்தைப் போதிக்க வல்லவை என்று திரெந்து நகரில் கூடிய திருச்சங்கம் 1563இல் உறுதி செய்தது. அதன்பின் தழைத்ததே பரோக் கலை. ரோமாபுரியில் புனித பேதுரு ஆலயத்தின் முன் பெர்னினி எழுப்பிய தூண் வரிசைகள், வருவோரை அணைக்க நீளும் தாயின் இரு கரங்களைப் போன்றவை. எழுத்தறியாதவனும் அங்கே தானே பணிவான். இவ்வாற்றலை அரசர்களும் கண்டுகொண்டனர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1682இல் அரசவையையே வெர்சாய் அரண்மனைக்கு மாற்றினார். அங்கே சாலைகளும் தோட்டப் பாதைகளும் மன்னரின் மாளிகையையே நோக்கி நின்றன.

நம் நகரத்து மண்டபமும் அவ்வழி வந்ததே. மொகலாயச் சாயல் கலந்திருப்பினும், தொலைவிலிருந்தே கண்ணை ஈர்க்கும் நேர்வழி, நடுவே ஓங்கும் கும்மட்டம், உச்சியில் வெற்றித் தேவதை ஆகியன பரோக் கற்பித்த முறையே. கர்சன் பிரபு எண்ணி, எமர்சன் வரைந்து, மக்ரானாப் பளிங்கால் எழுந்த இம்மண்டபத்திற்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. செலவான 1 கோடியே 5 லட்சம் ரூபாயும் இந்திய அரசர்களும் மக்களும் அளித்த நன்கொடையே. 1921இல் திறந்தபோதோ, தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவித்துப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. 1947இல் ஆட்சியும் போயிற்று. கைகூப்பச் செய்யும் ஆற்றல் மட்டும் போகவில்லை.

இவற்றை எளிய சொற்களில் மகனுக்கு உரைத்தோம். அவன் சிந்தித்துவிட்டு, “அப்படியானால், மதுரையில் திருமலை நாயக்கர் மகாலில் நீங்கள் தூணைத் தொட்டுக் கும்பிட்டீர்களே, அப்பா?” என்றான்.

வாயடைத்து நின்றோம். அம்மாளிகை எழுந்தது 1636இல். பெர்னினி வாழ்ந்த காலமே. அதன் பருத்த தூண்களும் காண்பவரைச் சிறியவராக்கவே நிற்கின்றன. நம் ஊர் என்னும் பெருமிதத்தில் அதை நாம் உணரவில்லை.

அழகை வியப்பதில் குற்றமில்லை. வியப்பு எந்த இடத்தில் வணக்கமாகிறது என்பதை அறிந்து வியப்பதே நலம். அடுத்த விடுமுறையில் மதுரை செல்லும்போது, அத்தூண்களை மகனுடன் நிமிர்ந்து நின்று காண எண்ணியுள்ளோம்.