மூன்று சுழி, நாற்பது விளக்கு

ஓர் எழுத்து நிற்க ஐந்து புள்ளி அகலமும் ஏழு புள்ளி உயரமும் போதும் என்று எலெக்ட்ரானிக்ஸ் உலகம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஆங்கிலத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. ஹிந்திக்குத் தலைக்கோட்டுக்கே ஒரு வரிசை போய்விடும். தமிழின் ‘ண’வோ அந்தக் கட்டத்துக்குள் நுழையவே நுழையாது.

கிழக்கு டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பம். மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பள்ளியில் ஹிந்தியும் சமஸ்கிருதமும். பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. முப்பது வருடம் டெல்லியில் இருந்தும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவு ஹிந்தியைத் தாண்டவில்லை. இருவருக்கும் பேச்சில் குறைவில்லை. எழுத்தில்தான் ஒருவர் எழுதுவது மற்றவருக்குப் புரியாது.

மத்திய அரசு 2016 முதல் பள்ளிகளில் அமைத்துவரும் அடல் டிங்கரிங் லேப் ஒன்று பெண்ணின் பள்ளியிலும் உண்டு. ஆர்டுயினோ அங்கேதான் அவளுக்குப் பழக்கமானது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் மாணவர்களுக்காக உருவான, உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டர் பலகை அது. முதலில் அவள் பொருத்திப் பார்த்தது இரண்டு வரி காட்டும் எல்.சி.டி. திரை. அதில் ஆங்கிலம் ஏற்கெனவே பதிந்திருக்கும், ஜப்பானிய கதகானா எழுத்துகள்கூட. மற்ற மொழிக்காரர்கள் சொந்தமாக வரைந்துகொள்ள எட்டே எட்டு இடம். தமிழில் எழுத்து 247.

பிறந்தநாளுக்கு வந்தது வேறு மாதிரி. ஆர்டுயினோவின் தலைமேல் தொப்பி மாதிரி உட்காரும் ஒரு தகடு. எட்டுக்கு ஐந்தாக நாற்பது வண்ண விளக்குகள். ஐந்து மில்லிமீட்டர் சதுரமான ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்.ஈ.டி., கூடவே கடுகளவு சிப். நாற்பதுக்கும் சேர்த்து ஒரே ஒரு தகவல் கம்பிதான். நெரிசலான டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டுகள் கைமாறிப் போவது போலத்தான் வேலை நடக்கிறது. முதல் விளக்கு தனக்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். நாற்பதுக்கும் போய்ச் சேரச் சுமார் 1.2 மில்லி செகண்ட். பிறகு கம்பியில் சிறு மௌனம். உடனே எல்லாம் ஒன்றாக ஒளிரும். (சிவப்பு எல்.ஈ.டி. 1962லேயே கண்ணுக்குத் தெரியும்படி வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு.)

இந்தத் தகட்டுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு, எழுத்தின் உடம்பு தெரிந்திருக்க வேண்டும். பெண் கணக்கு நோட்டின் கட்டங்களைக் காட்டி, “பாட்டி, உன் பேரை வேணாம், ‘பாட்டி’ன்னு எழுதிக் குடு” என்றாள்.

அது சுலபமாக வந்தது. ‘ப’ மூன்று பக்கச் சுவர். ‘ட’ இரண்டு கோடு. தகட்டை அகலவாக்கில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினாள். முழு வெளிச்சத்தில் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர்வரை இழுக்கும். நாற்பதும் வெள்ளையாக எரிந்தால் 2.4 ஆம்பியர். கம்ப்யூட்டரின் சாதாரண யு.எஸ்.பி. துளை தருவதோ அரை ஆம்பியர். எனவே 255 வரை போகும் பிரகாசத்தை 20க்குக் குறைத்தாள். அதற்கே புரை ஆபரேஷன் ஆன கண் கூசியது. மேலே ஒரு டிரேசிங் பேப்பர் ஒட்டிய பிறகுதான் பாட்டி உட்கார்ந்து பார்த்தார்.

“சரி, இப்ப ‘கண்ணு’ன்னு போடு பாப்போம்” என்றார். பேத்தியை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

அங்கேதான் சிக்கல். எட்டுப் புள்ளி அகலத்தில் மூன்று சுழியையும் அடைத்தால் ஒவ்வொரு சுழிக்குள்ளும் இருட்டுக்கு ஒரே ஒரு புள்ளிதான் மிஞ்சும். உயரமோ ஐந்தும் தீர்ந்துவிட்டது. மேலே புள்ளி வைக்க வரிசை இல்லை. பெண் ஒரு வழி கண்டுபிடித்தாள்: மெய்யெழுத்து வந்தால் எழுத்தையே சிவப்பாக்கிவிடுவது.

“செவப்பா இருந்தா புள்ளி இருக்குன்னு நெனச்சுக்கோ பாட்டி.”

“அதெப்படி நெனச்சுக்கறது? புள்ளி இல்லேன்னா அது ‘கணணு’.”

பெண் பக்கத்திலும் நியாயம் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி என்பது தொல்காப்பியம் சொன்ன விதி. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். பாட்டியிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார் பிரம்போடு நின்றவர்.

அடுத்து ‘இல்லை’. பாட்டி நோட்டில் எழுதியதைப் பார்த்துப் பெண் திகைத்தாள். ‘லை’க்கு முன்னால் இரட்டைச் சுழி கிடையாது, ‘ல’வின் தலையிலேயே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது விடைபெற்ற வடிவம் அது. இன்றைய கம்ப்யூட்டர் எழுத்துருக்களில் பெரும்பாலும் கிடைக்காது. தட்டச்சு செய்தால் புதிய ‘லை’தான் வரும். தகட்டுக்கு அந்த அரசாணையும் தெரியாதே! துதிக்கை நான்கு புள்ளியில் பச்சையாக எரிந்தது. பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “வளைவு இன்னும் கொஞ்சம் கீழ வரணும்” என்றார்.

கடந்த மாதம் இரண்டாவது தகடு வந்தது. முதல் தகட்டின் தகவல் வெளிவரும் முனையிலிருந்து ஒரு கம்பி இழுத்து இதன் நுழைவில் கொடுத்து, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினாள். இப்போது எண்பது விளக்கு, பத்து வரிசை. ‘ண்’ தலைக்குமேல் புள்ளி உட்கார்ந்துவிட்டது. ‘ணு’வின் கால் மட்டும் வலது ஓரத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது தகடு கேட்டால் அப்பா என்ன சொல்வார் என்பது பற்றிப் பாட்டியும் பேத்தியும் சமையலறையில் ஆலோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.