தூரமும் அண்மையும்

தொலைவிலுள்ளதை அண்மையிற் காணவேண்டும் என்பது மனிதனின் பழைய வேட்கை. 1609 ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கியை வானை நோக்கித் திருப்பியதும் அவ்வேட்கையினாலேயே. இன்று அது சட்டைப் பைக்குள் அடங்கும் நெடுந்தூரச் சூம் கமராவாகி, எம்போன்ற மாணவரின் கைகளிலும் தவழ்கின்றது. மத்திய கிழக்கிலிருந்து மீண்ட என் மாமா தந்த அத்தகைய கமரா ஒன்றை எங்கள் ஊராகிய குறிஞ்சிப்பிட்டியின் கரைகளிற் சில ஆண்டுகள் பயன்படுத்தி வந்துள்ளேன். அவ்வனுபவத்தைத் துணையாகக் கொண்டு இக்கருவியின் ஆற்றலையும் எல்லையையும் ஈண்டு ஆராய விழைகின்றேன்.

முதலில் ஆற்றலை நோக்குவோம். 2018 இல் வெளிவந்த கனோன் பவர்ஷொட் எஸ்எக்ஸ்740 இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் எடை ஏறத்தாழ 300 கிராம். சூம் ஆற்றல் 40 மடங்கு. 24 மில்லிமீற்றர் என வழங்கும் அகன்ற நிலையில், 100 மீற்றருக்கு அப்பால் 150 மீற்றர் அகலமான காட்சி படத்துள் அடங்கும். நின்ற இடத்திலேயே நின்று 960 மில்லிமீற்றர் நிலைக்கு வில்லையை நீட்டினால், நான்கு மீற்றருக்கும் குறைந்த அகலமே படம் முழுவதையும் நிரப்பும்.

எங்கள் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு மேற்கே கடல். கிழக்கே புத்தளம் களப்பு. இரு நீர்ப்பரப்புகளுக்கும் இடையில் வாழ்பவனுக்கு இவ்வாற்றலின் அருமை நன்கு புலப்படும். களப்போரத்தில் இரைதேடும் ஆலாவை அது பறந்தோடாத தூரத்தில் நின்றே படம்பிடிக்கலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்குக் கடலில் துள்ளிச் சுழலும் டொல்பின்களைக் காணப் பயணிகள் வருகின்றனர். படகுகள் அவற்றைச் சூழ்ந்து துரத்துவது அவ்வுயிர்களின் அமைதியைக் குலைப்பதாகும். விலகி நின்று காண உதவும் கருவி அவற்றுக்கும் நன்மை செய்கின்றது எனலாம்.

கைபேசியிருக்கக் கமரா எதற்கு எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. யப்பானியக் கமராத் தொழிற்சங்கத்தின் கணக்கின்படி, 2010 இல் 12 கோடிக்கு மேலாக இருந்த டிஜிட்டல் கமரா விநியோகம் 2020 இல் ஒரு கோடிக்கும் குறைந்துவிட்டது. அண்மைக் காட்சிக்கும் மங்கிய ஒளிக்கும் நல்ல கைபேசியே மேலானது. எனினும், தொலைதூரத்தில் வில்லையினாற் பெறப்படும் நுண்மையைப் படத்தை வெட்டிப் பெருப்பிப்பதாற் பெற்றுவிட முடியாது.

இனிக் குறைகளைக் காண்போம். இத்துணைச் சிறிய உடலில் இத்துணை நீண்ட பார்வையை அடக்க வேண்டுமாயின், ஒளியை ஏற்கும் உணரியும் சிறிதாதல் வேண்டும். அதன் அளவு ஏறத்தாழ 6 மில்லிமீற்றருக்கு 4.5 மில்லிமீற்றர். பழைய படச்சுருளின் 36 க்கு 24 மில்லிமீற்றர்ப் பரப்போடு ஒப்பிடின் இது முப்பதில் ஒரு பங்கேயாகும். மேலும், அகன்ற நிலையில் எஃப் 3.3 ஆக இருக்கும் துவாரம் முழுதும் நீட்டிய நிலையில் எஃப் 6.9 ஆகின்றது. உணரியை அடையும் ஒளியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. விடியலின் மங்கிய வெளிச்சத்தில் கரை திரும்பும் படகுகளைத் தொலைவிலிருந்து எடுத்தால், முகங்கள் புள்ளிபுள்ளியாகக் கலங்கித் தோன்றுவதன் காரணம் இதுவே. கையின் சிறு நடுக்கமும் அங்கே பெரிதாகும். நண்பகலில் ஒளி மிகுதியாக இருப்பினும், சூடேறிய மணலின் மேல் அலையும் காற்று காட்சியை நெளியச் செய்துவிடும். அதற்கு எவ்வளவு விலையுயர்ந்த வில்லையும் மருந்தாகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் வேறு பகை. நீண்டு சுருங்கும் வில்லைக்குழலைக் கொண்ட இக்கமராக்கள் பெரும்பாலும் அவை புகாதவாறு அடைக்கப்பட்டவையல்ல.

இவை கருவியின் குறைகள். அதனைக் கையாள்வோரிடம் வேறொரு குறை தோன்ற இடமுண்டு. நெடுந்தூர வில்லை தூரங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் காட்டும். நுரைச்சோலைப் பக்கம் நான் எடுத்த படமொன்றில், 900 மெகாவாற்று அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி மீனவரின் படகுகளுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தோன்றுகின்றது. படம் பொய்யன்று, ஆயினும் எங்கு நின்று எடுத்தது எனச் சொல்லாவிடின், காண்பவர் தூரத்தைப் பிழையாகவே எண்ணுவர்.

மனிதரை எடுக்கும்போது இது இன்னும் ஆழமாகின்றது. எங்கள் அயல்வீட்டு மாமி மீன் உலர்த்தி வாழ்பவர். வாடியிற் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த தம்மை யாரோ ஒரு பயணி தொலைவிலிருந்து எடுத்த படத்தை, பின்னர் உறவினரொருவரின் கைபேசியிற் கண்டார். அவர் சினக்கவில்லை. "கேட்டிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றிருப்பேனே" என்றார். கரைவலை இழுப்போரையும் வாடிப் பெண்களையும் 'இயல்பாக' எடுப்பதற்கு இக்கருவி உகந்தது எனப் புகழ்வோர் இக்கூற்றைச் சிந்தித்தல் வேண்டும். அந்த இயல்பு யாருக்கு உரியது? தாம் எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உழைப்போருக்கும் உண்டன்றோ?

ஆலாவிடமும் டொல்பினிடமும் அனுமதி கேட்க இயலாது. விலகி நிற்பதே அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை. மனிதரிடம் கேட்கலாம், ஆகவே அருகிற் செல்வதே மரியாதை. வில்லை சுருங்கிய நிலையிலேதான் இக்கமராவும் மிகுந்த ஒளியைப் பெறுகின்றது, நடுக்கமும் குறைகின்றது, படமும் தெளிகின்றது. பறவைக்காக வில்லையை நீட்டுவோம். மனிதருக்காக அதனைச் சுருக்கிக்கொண்டு, எஞ்சிய தூரத்தை நடந்தே கடப்போம்.