மடுகரைக்கு வந்த விருந்தாளி

வில்லியனூர் கோபுரம் பின்னால் மறைந்ததும் மணி ஜன்னல் வழியே மூக்கை நீட்டிக்கொண்டான். மணி எங்கள் வீட்டு நாய். வயது ஆறு, ஜாதி கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஆகவே வாடகைக் கார். போன காரியமோ சந்தோஷமானதல்ல. மணியைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வரத்தான் மடுகரைக்குப் பிரயாணம்.

சென்னையில் எங்கள் ஜாகை ஓர் அடுக்கு மாடிக் கட்டடம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். மணிக்குப் பிஸ்கட் கூடக் கொடுப்பார். ஆனால் குடியிருப்போர் சங்கம் கூடி, "வாடகைக்கு இருப்போர் நாய் வளர்க்கக் கூடாது" என்று தீர்மானம் போட்டுவிட்டது. சொந்த வீட்டுக்காரர்களின் நாய்களுக்குத் தடை இல்லை. அவை குரைப்பதே இல்லை போலிருக்கிறது!

நெட்டப்பாக்கம் தாண்டினால் மடுகரை. கரும்பும் நெல்லுமாகப் பச்சை விரிந்து கிடக்கிறது. 1954 மார்ச் கடைசியிலேயே இந்தப் பக்கத்து ஜனங்கள் பிரெஞ்சு ஆட்சியை உதறி மூவர்ணக் கொடி ஏற்றிவிட்டார்கள். புதுவை நகரம் நவம்பர் முதல் தேதி வரை காத்திருந்தது. எல்லைக் கோடு மட்டும் இன்றும் பழையபடி வளைந்து வளைந்து ஓடுகிறது. மடுகரை புதுவை; பட்டு நெசவுக்குப் பெயர் போன அண்டை ஊர் சிறுவந்தாடு தமிழ்நாடு. மணி இறங்கியதும் இரண்டு ராஜ்யத்தையும் முகர்ந்து பார்க்கக் கிளம்பிவிட்டான்.

பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "ஏண்டி, சங்கத்துக்காரங்க சொன்னா அது சட்டமா? வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"அவருக்கு ஆட்சேபம் இல்லை, பெரியம்மா."

"பின்னே எதுக்கு இவனைக் கூட்டிக்கிட்டு வந்தே?"

எதிர் வீட்டுத் தாத்தா வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காபி வந்ததோ இல்லையோ, அவரும் வந்துவிட்டார்.

"அம்மா, பிராணிநல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் சங்கம் வீட்டு நாயைத் தடை செய்ய முடியாது. லிப்டில் ஏற்றத் தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது."

வாரியத்தின் கதையையும் அவரே சொன்னார். ருக்மிணிதேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தனி மனுஷியாக மசோதா கொண்டு வந்து வாதாடினார். அதன் பலன்தான் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் வாரியம் ஏற்பட்டபோது அவரே தலைவி. நடனத்துக்கு மட்டும் அந்த அம்மாளை நினைவு கொள்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் மட்டும் ஐம்பது ரூபாய்க்கு மேல் போகாது. ஒரு கிலோ முறுக்கு கூட அந்தப் பணத்துக்கு வராது!

"ஆனால் வீட்டுக்காரர் விஷயம் வேறே," என்று தாத்தா விரலை ஆட்டினார். "சங்கத்தின் தீர்மானம் ஒன்று, நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று. அதில் 'பிராணி கூடாது' என்று இருந்தால், வாரியத்தின் காகிதத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு, 'நாய் வளர்க்கலாம்' என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2017-ம் வருஷத்துச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். நிறையப் பேர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்."

நானும் அந்த நிறையப் பேரில் ஒருத்திதான். பையிலிருந்த பிரதியை எடுத்து அன்றுதான் முழுதும் படித்தேன். ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் கிறுக்கக் கூடாது... நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

"அப்போ வீட்டுக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கோ. வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டையும் சேர்த்துச் சங்கத்துக்குக் கொடு. மாடிப்படியில் இவன் அசிங்கம் பண்ணினால் நீதான் துடைக்கணும். ராத்திரியெல்லாம் குரைக்க விட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கோபத்திலும் நியாயம் இருக்கும்," என்றார் தாத்தா.

அங்கிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "கடிதம்தானே? நாளைக்கே தருகிறேன்," என்றார். சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. என்ன ஆகுமோ தெரியாது.

சாயங்காலம் பெரியம்மா முறுக்கு டப்பாவை மடியில் வைத்தாள். மணி எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்தான். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இவரை விட்டுட்டுப் போகத்தானேம்மா வந்தீங்க?"

"வண்டியை எடுங்கள்," என்றேன்.